ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? தப்பைப் போட்டுப் பாருங்க

ஹட்டன்லயோ நுவரெலியாவுலயோ ஸ்பீக்கர் செட் வாங்கப் போனா, பேஸ் கூட்டின சினிமாப் பாட்டு ஒன்றைத்தான் போட்டுக் காட்டுவாங்க. கண்ணாடி அதிரும், நாமும் தலையாட்டிட்டுக் காசைக் குடுப்போம். இது சோதனையே இல்ல. நேரில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாத சத்தத்தை எதோட ஒப்பிடுறது? எம்பி3 உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹெய்ன்ஸ் பிராண்டன்பேர்க், சுசேன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டை வச்சுத்தான் தன் வேலையைச் சோதித்தார். மனிதக் குரலில் சின்னப் பிசகும் உடனே காதில் படும்.

நமக்கு அப்படியொரு சத்தம் தப்பு. தீயில காய்ச்சின தோல், ஒரு தடித்த குச்சி, ஒரு மெல்லிய குச்சி. காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. நல்ல ஸ்பீக்கர்ல இரண்டு குச்சியும் தனித்தனியா விழும். மட்டமானதுல எல்லாம் ஒரே 'தொம்'.

"சாவு மேளத்தையா கடையில போடுறது?" என்று முகம் சுளிக்கிறவங்களே, உங்களை உறுத்துவது சத்தமா, அடிக்கிறவரின் சாதியா?

அடுத்த காமன் கூத்துக்கு வெறும் ஃபோனோட போகாதீங்க. ஒழுங்கான மைக் வச்சு, அடிக்கிறவங்களிடம் கேட்டு, அவங்க பெயரோட பதிவு செய்யுங்க. அந்தப் பதிவோட கடைக்குப் போங்க.