அரபியரும் நம் வெண்திரையும்

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தெருக்களில் வாழும் தமிழராகிய நாம், அரபியரைப் பற்றித் திரைப்படங்கள் புனையும் பொய்யைக் கண்டும் வாளா இருத்தல் தகுமா?

திரையில் தோன்றும் அரபியர் பெரும்பாலும் மூவகையினர். எண்ணெய்ப் பணத்தை வாரி இறைத்துப் பெண்களை நாடும் செல்வர் ஒருவர். சாட்டை ஏந்திய கொடிய முதலாளி ஒருவர். துப்பாக்கி தாங்கிய வன்முறையாளர் ஒருவர். பள்ளி ஆசிரியரும், மீனவரும், பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழிக்கும் தாயும் அரபு நாட்டில் பிறப்பதே இல்லை போலும்!

இவ்வார்ப்பு ஹாலிவுட்டில் செய்யப்பட்டது. ஜாக் ஷாஹீன் என்னும் அறிஞர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட நூல், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரபியரை இழிவுபடுத்துவதை எடுத்துக்காட்டிற்று. 1992இல் வந்த ‘அலாவுதீன்’ என்னும் சிறுவர் படத்தின் தொடக்கப் பாடலே அரபு நாட்டைக் காதறுக்கும் நாடென்று பழித்தது. அமெரிக்க அரபியர் எதிர்த்தபின், 1993இல் அவ்வடி மாற்றப்பட்டது.

அரபியரை அறியாதார் செய்த அச்சினை அறிந்தாராகிய நாம் கடன் வாங்குவது ஏன்? 1498இல் போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, மலபார்க் கரையிலும் காயல்பட்டினத்திலும் அரபு வணிகர் நம்மோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். எம்போன்ற எழுத்தர்கள் அலுவலகத்தில் நாள்தோறும் எழுதும் அசல், நகல், வசூல், பாக்கி, ஜாமீன் ஆகிய சொற்கள் யாவும் அரபு மொழி தந்தவையே. பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரோ, அரபு நாட்டையே ஆறு பாயும் நெல்வயல் நாடாகக் கண்டார். பாலைநிலத்தாரையும் தம் மருதநிலத்தில் குடியேற்றிய உள்ளம் அது. அப்புலவரின் வழிவந்த நாம் இன்று ஒட்டகத்தையும் குத்துவாளையும் தவிர வேறொன்றும் காணாதது நாணத்தக்கது அன்றோ?

‘ஆடுஜீவிதம்’ காட்டும் துயரம் பொய்யா எனச் சிலர் வினவலாம். பொய்யன்று. பென்யாமின் 2008இல் எழுதிய அந்நாவலும், பிளெஸ்ஸி இயக்கி 2024இல் வெளிவந்த படமும் சொல்லவேண்டியதையே சொல்லின. தொழிலாளியை முதலாளியோடு பிணைக்கும் ‘கஃபாலா’ முறையின் கொடுமை மறைக்கத்தக்கதன்று. ஆயினும் முறையின் குற்றத்தை இனத்தின் இயல்பாக்குவது நேர்மையன்று. விசாவுக்கென நகையை விற்கச் செய்து ஏய்ப்பவர் பலரும் நம் ஊர்த் தரகரே. மேலும், பாலையிலிருந்து தப்பி வந்தவனைத் தன் காரில் ஏற்றி நகரில் சேர்ப்பவரும் அக்கதையில் ஓர் அரபியரே. சாட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர், அக்காரைப் பற்றி எத்தனை வரி எழுதினர்?

சத்யன் அந்திக்காடின் ‘நாடோடிக்காற்று’ (1987) இவ்வகையில் போற்றத்தக்கது. துபாய் என நம்பி அரபு உடையில் சென்னைக் கரையில் இறங்கும் அவ்விருவரைக் கண்டு நாம் சிரிக்கையில், நம் பேராசையையும் நம்மவர் வஞ்சத்தையுமே எள்ளுகிறோம். அரபியர் எவரும் அங்கு இழிவுறவில்லை.

வார்ப்புருவின் வலியை நாம் அறியாதவரல்லர். ‘படோசன்’ (1968) என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னாட்டு இசையாசிரியரைக் கண்டு வடவர் நகைத்தனர். இம்மண்ணிலும் ‘பாண்டி’ என்னும் சொல்லைக் கேளாத தமிழர் எத்துணைப் பேர்? அச்சொல் நம் செவியைச் சுடுமாயின், பிறரை அவ்வாறே சுடும் படத்துக்குக் கைதட்ட நமக்கு ஏது உரிமை?

வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் அரபியரைத் திரையில் கண்டு அஞ்சுவதினும், தந்தையர் வாய்மொழியில் நல்லவரும் தீயவருமாகக் கேட்டறிதல் நன்று. நம் எழுத்தாளரும் கலைஞரும் அவ்வாய்மொழிக்குச் செவிசாய்ப்பாராக. தமக்கு நேர்ந்தால் பொறாததைப் பிறர்க்குச் செய்யாமையே தமிழர் அறம்.