சாட்சியை உள்ளே விடுங்கள்

கியா பார்ம் சந்தையில் காய்கறி விற்பவர் முதல் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வரை எல்லார் கைப்பேசியிலும் காஸாப் போர் இருக்கிறது. ஆனால் கேமரன் மலைத் தமிழருக்கு அது இரண்டு வாசல் வழியாக வருகிறது. மலேசியாவின் பெரிய ஊடகங்கள் காட்டும் போர் ஒன்று. இந்தியாவிலிருந்து புலனக் குழுக்களுக்குக் கைமாறி வரும் காணொளிகள் காட்டும் போர் வேறொன்று. முதலாவதில் 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் நடத்திய படுகொலை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் காஸாவின் குழந்தைகளே இல்லை. பார்ப்பவரோ தம் சமயத்துக்கும் அரசியலுக்கும் எது ஒத்துவருகிறதோ அதை நம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்.

இந்த இரண்டில் எதையும் தமிழர் இரவல் வாங்கத் தேவையில்லை. போர்ச் செய்தியை எடைபோட நமக்கென்று ஓர் அளவுகோல் உண்டு. இலங்கையின் இறுதிப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் கொடுத்த அளவுகோல் அது. களத்திலிருந்து செய்தியாளரை அகற்றியவர் சொல்லும் கணக்கை, அவர் யாராக இருந்தாலும், அப்படியே ஏற்கக் கூடாது.

2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. சுதந்திரச் செய்தியாளர்களுக்கும் களம் மூடப்பட்டது. 2009 ஜனவரி 8-இல் கொழும்புப் பகுதியில் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். வன்னிக்குள் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. போர் முடிந்தபோது முகாம்களில் அடைபட்டவர்களோ ஏறத்தாழ 290,000 பேர். தலைக்கணக்கு குறைந்தால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். ஆகவே அது காகிதத்தோடு போன பிழை அல்ல. களத்தில் இருந்து சாவுகளைச் சொன்ன அரசு மருத்துவர்கள் காவலில் வைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூலையில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டார்கள். தாங்கள் சொன்னதெல்லாம் மிகை என்றார்கள். பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு சொன்னபோது ஆண்டு 2011 ஆகிவிட்டது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் அதே குழு பதிவு செய்தது. அன்றே சாட்சி இருந்திருந்தால் இரு தரப்பின் குற்றமும் அன்றே அம்பலமாகியிருக்கும்.

இப்போது காஸாவைப் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் அங்கே வெளிநாட்டுச் செய்தியாளர் தம் விருப்பப்படி நுழைய இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. இராணுவம் அழைத்துப் போகும் இடத்துக்கு, அது காட்டுவதைப் பார்க்க மட்டும் போகலாம். வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கம் தொடுத்த முதல் வழக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024 ஜனவரியில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதே ஆண்டு மே மாதம் அல் ஜசீராவின் அலுவலகத்தை இஸ்ரேல் இழுத்து மூடியது. மிஞ்சியவர்கள் காஸாவிலேயே பிறந்து வளர்ந்த செய்தியாளர்கள். 2025 ஆகஸ்டுக்குள் இந்தப் போரில் 190-க்கும் மேற்பட்ட ஊடகத்தினர் மாண்டதாகச் செய்தியாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது. மிகப் பெரும்பாலோர் பாலஸ்தீனர்கள். அந்த மாதம் 10-ஆம் தேதி ஷிஃபா மருத்துவமனை அருகே கூடாரத்தில் கொல்லப்பட்ட அல் ஜசீரா செய்தியாளர் அனஸ் அல் ஷரீஃபை ஹமாஸின் ஆள் என்றது இஸ்ரேல். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது அந்தக் குழு. களத்தில் நின்று பேசியவரின் வாயை அடைப்பதும், பிறகு அவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதும் வன்னி மருத்துவர்களிடம் நாம் ஏற்கெனவே பார்த்தவை.

சாட்சி இல்லாத இடத்தில் வதந்திக்குத்தான் கொண்டாட்டம். போரின் முதல் நாள்களில், சிரியாவின் பழைய காணொளிகளும் கணினி விளையாட்டுக் காட்சிகளும் காஸா என்ற பெயரில் உலகைச் சுற்றின. ஹமாஸ் 40 குழந்தைகளின் தலையைத் துண்டித்தது என்ற செய்தி ஆதாரமின்றிப் பரவியது. அக்டோபர் 17-இல் அல் அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு நடந்ததும் இஸ்ரேலின் தாக்குதல், 500 பேர் பலி என்று உலகின் பெரிய ஏடுகளே எழுதின. பாலஸ்தீனத் தரப்பு ராக்கெட் தவறி விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பிற்பாடு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சொன்னது. ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று நியூயார்க் டைம்ஸ் ஒப்புக்கொண்டது. பொய்க்கு ஒரு பக்கம்தான் சொந்தம் என்று யாரும் மார்தட்ட முடியாது.

ஈழத்தையும் பாலஸ்தீனத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டின் வரலாறும் வேறு. ஹமாஸும் புலிகளும் வேறு. நாம் ஒப்பிடுவது போரின் நியாயங்களை அல்ல, மூடப்பட்ட கதவை. செய்தியாளரின் உயிருக்கு ஆபத்து என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே போகத்தான் அவர்கள் அனுமதி கேட்கிறார்கள். காஸா சுகாதார அமைச்சு ஹமாஸின் ஆட்சியில் இருப்பதால் அதன் எண்களை நம்ப முடியாது என்பவர்கள், அந்த எண்களைச் சரிபார்க்கக் கூடியவர்களை உள்ளே விடச் சொல்லித்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

அளவுகோல் ஒன்று என்றால் அது புத்ராஜெயாவுக்கும் பொருந்தும். 2024 ஜூலை 31-இல் தெஹ்ரானில் கொல்லப்பட்ட ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனியேவுக்கு இரங்கல் தெரிவித்து பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் வெளியிட்ட பதிவை மெட்டா நிறுவனம் நீக்கியது. அரசு கொதித்தது, மெட்டா மன்னிப்புக் கேட்டுப் பதிவைத் திரும்பப் போட்டது. கொதித்ததில் தவறில்லை. ஆனால் 2019 அக்டோபரில் இதே நாட்டில், புலிகளுடன் தொடர்பு என்று சொல்லி இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 தமிழர்கள் சொஸ்மா எனும் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களும் வழக்குக்குச் சான்றாயின. 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்ட பிறகுதான் அவர்களுக்கு விடிவு பிறந்தது. பிரதமரின் இரங்கலுக்கு ஒரு நியாயம், தோட்டத்துப் பிள்ளையின் கைப்பேசிப் படத்துக்கு ஒரு நியாயம் என்றால் அது நியாயமே ஆகாது.

ஜெனீவாவையும் மறப்பதற்கில்லை. 2009 மே 27-இல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளுடன் நிறைவேறியது. இராணுவத்தின் செயல்களை விசாரிக்க அது கேட்கவில்லை. ஆதரித்தவற்றுள் மலேசியாவும் இந்தியாவும் இருந்தன. எதிர்த்த 12 நாடுகளுள் பிரிட்டன், ஜெர்மனி, கனடா இருந்தன. 2023 அக்டோபர் 27-இல் காஸாவில் சண்டையை நிறுத்தக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபைக்கு வந்தபோது மலேசியா ஆதரித்தது, அந்த மூன்று நாடுகளும் ஒதுங்கின, இந்தியாவும் ஒதுங்கியது. யாருடைய பிணம் என்று பார்த்துக் கண்ணீர் விடும் வழக்கம் மேற்கிலும் உண்டு, கிழக்கிலும் உண்டு.

எனவே மூன்று தரப்பிடம் நாம் கேட்கிறோம். காஸாவுக்குள் செய்தியாளர்களைத் தடையின்றி அனுமதிக்கக் கோருவதை மலேசியா தன் பாலஸ்தீனக் கொள்கையின் முதல் வரிசையில் வைக்க வேண்டும். இலங்கையின் இறுதிப் போருக்கும் அனைத்துலக விசாரணை தேவை என்று அதே குரலில் சொல்ல வேண்டும். தமிழ் ஊடகங்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். அக்டோபர் 7-இல் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரையும், 2025 அக்டோபருக்குள் 67,000-ஐத் தாண்டியதாகக் காஸா சுகாதார அமைச்சு சொன்ன சாவுகளையும் ஒரே நேர்மையோடு பதிய வேண்டும். வாசகர்கள், எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று தெரியாத காணொளியைத் தங்கள் கையோடு நிறுத்திவிட வேண்டும்.

சாட்சியில்லாப் போர் என்ன செய்யும் என்று தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த அனுபவம் உள்ளவர்களே இன்னொரு மக்களின் அழிவை வெறும் கட்சிச் சண்டையாகப் பார்த்தால், நாளை நமக்காகக் கேட்க உலகத்தை அழைக்கும் தகுதியை இழப்போம்.