நிகண்டுக்குள் வராத கடல்

கதிரவனுக்கு நம் நிகண்டுகளில் பெயர்ப் பஞ்சமே இல்லை. பரிதி, அருக்கன், வெய்யோன், என்றூழ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நிலவுக்கும் அப்படித்தான். செய்யுள் செய்வோருக்காகத் திவாகரமும் பிங்கலமும் சேர்த்துவைத்த செல்வம் அது. அதே ஞாயிற்றையும் திங்களையும் பார்த்துக் கடலில் வழி கண்டவர்கள் பேசிய சொற்களை மட்டும் நாம் அப்படிச் சேர்க்கவில்லை. நாம் என்று சொல்வது, எழுதுகிறவர்கள், கற்பிக்கிறவர்கள், அகராதி செய்தவர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள் எல்லாரையும்தான்.

அவர்களுடைய இராப்பலகை என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். கைக்கு அடக்கமான ஒரு மரப்பலகை, நடுவில் துளையிட்டுக் கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி பலகையை முன்னே நீட்டிப் பிடிக்க வேண்டும். அடிவிளிம்பு தொடுவானத்தில் அமரும்போது மேல்விளிம்பை வடமீனாகிய துருவ விண்மீன் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறையின் நேருக்கு வந்தாயிற்று. வடமீன் நிற்கும் உயரமே ஏறத்தாழ அந்த இடத்தின் அட்சரேகை: கன்னியாகுமரியில் 8 பாகை, சென்னையில் 13. தெற்கே போகப்போக மீன் தாழும். பல்லுக்கும் பலகைக்கும் நடுவே கயிறு நீளும். துறையின் நேர் கிடைத்துவிட்டால், மீனின் உயரம் மாறாமல் கரையை நோக்கி ஓட்ட வேண்டியதுதான். கணக்கு முழுவதும் கயிற்றிலேயே இருந்ததால் கலத்தை நடத்தும் தண்டையல் எழுத்தறியாதவராக இருந்தாலும் அது போதும். இதைவிட அழகான கருவி ஒன்றை நான் அறியேன்.

இதையெல்லாம் குறித்துவைத்தவர் யார்? எச். காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர். சோழமண்டலக் கரை மாலுமிகளின் உபாயங்களைப் பற்றி 1850இல் மெட்ராஸில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். 1928இல் அதைப் பாரிஸில் மறுபதிப்புச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெரான். பிறகு புவியியல் பேராசிரியர் பி. அருணாசலம் மரபு மாலுமிகளின் அறிவைத் தேடித் தொகுத்தார். 2002இல் வந்த அவர் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இவர்கள் எழுதியதைத் தமிழில் படிக்க வேண்டும் என்று நாம் எப்போது கேட்டோம்? 1025இல் இராசேந்திர சோழனின் படை கடாரம் சென்றதை மேடைதோறும் முழங்கினோம். கடலோடும் கலையைக் கையில் வைத்திருந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கவில்லை.

காரணத்தை மறைக்க வேண்டாம். மீனவர் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கினோம்; பேசியவர்களையும் சேர்த்தே ஒதுக்கினோம். கரையிலிருந்து எழுத்தாளர்கள் எழுந்து வந்து அந்தப் பேச்சிலேயே நாவல் எழுதியபோதும், புரியவில்லை என்பதே நம்மில் பலருடைய முதல் விமர்சனம். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று காற்றையும், நீவாடு என்று நீரோட்டத்தையும், பாகம் என்று ஆழத்தையும் மீனவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்றும் பெருக்கும் வலுப்பதும், அட்டமியை ஒட்டித் தளர்வதும் அவர்களுக்குப் பஞ்சாங்கத்துச் செய்தி அல்ல. வலையை எப்போது இறக்குவது என்பதையே அதுதான் முடிவு செய்யும்.

பாயை மட்டுமே நம்பி ஓடிய தலைமுறை முதுமையின் கடைசிப் படியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எஞ்சினும் ஜிபிஎஸ்ஸும் உண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, உயிர் காக்கும் கருவிகள் அவை. பெரியவர்களின் சொற்களைப் பதிவு செய்வது நம் கடன். அதைப் பகலில், அறைக்குள், சொற்பட்டியலை நீட்டிச் செய்ய முடியாது. கடற்கரை ஊர்கள் பலவற்றில் விண்மீன்களை வெள்ளி என்கிறார்கள். எந்த வெள்ளிக்கு என்ன பெயர் என்று விரல் நீட்டிக் காட்ட வானம் வேண்டும். மாதத்துக்கு மாதம் இரவு வானம் மாறுவதால் ஓர் ஆண்டாவது அவர்களோடு கரையில் விழித்திருக்க வேண்டும். விண்மீன் வரைபடத்தோடு வானியல் தெரிந்த ஒருவரும், கேட்டதைக் கேட்டபடியே எழுதிக்கொள்ளும் ஒருவரும் பக்கத்தில் இருந்தால் போதும். வரும் அமாவாசைக்கே தொடங்கலாம்.