எல்மினா, காப்பார்: தரையிறங்கும் சில நிமிடங்கள் சொல்லும் பாடம்

2023 ஆகஸ்டு 17, பிற்பகல் சுமார் 2.50 மணி. லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறிய ஜெட் விமானம், தரையிறங்க அனுமதி பெற்ற சில நிமிடங்களில் ஷா ஆலம், எல்மினாவில் சாலையில் விழுந்து தீப்பற்றியது. பகாங் ஆட்சிக்குழு உறுப்பினர் ஜொஹாரி ஹருண் உட்பட விமானத்தில் இருந்த 8 பேரும் மாண்டனர். அவ்வழியே காரிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்ற இருவரும் உயிரிழந்தனர்.

சுபாங் ஓடுபாதை குறுகியதல்ல. அதன் நீளம் 3,780 மீட்டர். ஓராண்டு கழித்து வெளியான இறுதி அறிக்கை வேறு காரணத்தைச் சொன்னது. இறக்கைகளின் மேலுள்ள ‘லிஃப்ட் டம்ப்’ தகடுகள் நடுவானிலேயே விரிந்துவிட்டன. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு தூக்குவிசையைக் குலைத்து, பிரேக் நன்றாகப் பிடிக்கச் செய்வதே அவற்றின் வேலை. பறக்கும்போது அவற்றை விரிக்கவே கூடாது. தரையிறங்கும் முன் செய்யும் சரிபார்ப்பின்போது அது தவறுதலாக நடந்துவிட்டது. குறைந்த தூரத்தில் நிற்க உதவும் கருவியே எமனாகிவிட்டது.

தியோமான் தீவின் ஓடுபாதை ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். அருகிலேயே மலை. இத்தகைய இடங்களில் வேகக் கணக்கு சற்றும் பிசகக் கூடாது. இறங்கும் வேகம் 10 விழுக்காடு கூடினால், நிற்கத் தேவைப்படும் தூரம் சுமார் 21 விழுக்காடு கூடும். பின்காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, விமானம் தூக்குவிசையை இழந்து விழும்.

எல்மினா துயரம் நடந்து ஆறு மாதம்கூட நிறைவடையாத 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி, சுபாங்கிலிருந்து புறப்பட்ட மற்றொரு சிறிய விமானம் கிள்ளான், காப்பாரில் செம்பனைத் தோட்டத்தில் விழுந்தது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். வீடுகள் மேல் விழாதது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற எல்மினா தோட்டம் இன்று வீடமைப்பு நகரம். சுபாங்கிலோ 2024 ஆகஸ்டு முதல் ஜெட் பயணச் சேவைகள் மீண்டும் தொடங்கிவிட்டன. கீழே மக்கள் கூடுகின்றனர். மேலே விமானங்கள் கூடுகின்றன.

ஆகவே, விமானிகளின் பயிற்சியும் தகுதியும் தனியார் சிறு விமானங்களிலும் அதே கண்டிப்போடு சோதிக்கப்பட வேண்டும். விசாரணை அறிக்கையின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்பதைப் போக்குவரத்து அமைச்சு மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்மினாவில் மாண்ட அந்த இருவரும் விமான டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர், சாலையில் சென்றவர்கள்.