மூச்சளிக்கும் யந்திரமும் கம்ப்யூட்டர் கணக்கும்

தானாக மூச்சுவிட இயலாத நோயாளியின் உயிரைக் காக்கும் யந்திரமே அவனுடைய நுரையீரலைப் புண்படுத்தவும் கூடும் என்பது ஜனங்களில் பலர் அறியாத விஷயம். செலுத்தும் காற்று மிஞ்சினால் மெல்லிய காற்றறைகள் அளவுக்கு மேல் விரிந்து சிதைகின்றன. அழுத்தம் போதாவிட்டாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் அவை மூடித் திறந்து நைந்துபோகின்றன. இவ்விரண்டு அபாயங்களுக்கும் நடுவிலுள்ள வழி ஆளுக்கு ஆள் வேறுபடுவது மட்டுமன்று. ஒரே நோயாளிக்குக் காலையில் பொருந்தியது மாலையில் பொருந்துவதில்லை.

1952-ம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துக் காற்றுப் பையைக் கையால் அழுத்தி நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். முகத்தைப் பார்த்து மூச்சைக் கூட்டவும் குறைக்கவும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பின்னர் வந்த யந்திரத்துக்கு அது தெரியாது.

அக்குறையைக் கணக்கால் நீக்க முயல்வோரில் நியூஜீலந்திலுள்ள கான்டர்பரி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் முக்கியமானவர்கள். காற்றின் அழுத்தம், அளவு, வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு, நுரையீரலின் விறைப்பையும் மூச்சுக்குழாயின் தடையையும் மூச்சுக்கு மூச்சு கணித்து, நோயாளியின் பிரதிபிம்பம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அமைக்கிறார்கள். அழுத்தத்தை ஏற்றினால் என்ன நேரும் என்பதை முதலில் அப்பிம்பத்தினிடம் கேட்டறிந்து, பிறகே நோயாளியிடம் கைவைக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

கருத்து அழகியதே. ஆயினும் சென்ற கால அநுபவத்தை மறந்துவிடலாகாது. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000-ம் ஆண்டில் முடிவு வெளியான சோதனையில், உயரத்தைக்கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றுக்குப் பதில் 6 மில்லிலிட்டர் அளித்ததனால், மரணம் 100-க்கு 40 என்பதிலிருந்து 31 ஆகக் குறைந்தது. எல்லோருக்கும் பொதுவான, எளிய விதி அது. 2017-ல் பிரேஸில் முதலிய 9 நாடுகளில் வேறொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. மூடிய அறைகளை மிகுந்த அழுத்தத்தால் திறந்து, பின் அவரவர் நுரையீரல் இசைந்து கொடுக்கும் நிலையை அளந்து அழுத்தத்தை நிர்ணயித்தார்கள். 28 நாட்களில் மாண்டவர் 100-க்கு 55. வழக்கமான சிகிச்சை பெற்றவரில் 49! 2019-ல் வெளியான பிரெஞ்சுச் சோதனையோ இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. நோய் பரவியிருக்கும் விதத்தைக்கொண்டு நோயாளிகளைப் பிரித்துச் சிகிச்சை செய்ததில் மொத்தத்தில் பயன் காணவில்லை. ஐவரில் ஒருவர் தவறாகப் பிரிக்கப்பட்டிருந்தார். பொருந்தாத சிகிச்சைக்கு ஆளான அவர்களிடையே மரணம் மிகுந்திருந்தது. ஆளறிந்து செய்வதாக எண்ணி ஆளைத் தவறாக அறிவது, பொது விதியினும் கொடிது.

கம்ப்யூட்டர் பிம்பத்துக்கும் இத்தவறு நேரக்கூடும். இரு நுரையீரல்களையும் ஒரே பலூனாகப் பாவிக்கும் கணக்கு, ஒரு பக்கம் கெட்டு மறுபக்கம் நன்றாயிருப்பவனைச் சரியாகக் காணாது. நோயாளி தானும் மூச்சிழுக்க முயன்றால் எண்கள் புரண்டுவிடும்.

ஆகவே கணக்கும் வரைபடமும் ஒத்திருப்பதைக் காட்டினால் போதாது. பொது விதியுடன் இதனை நேருக்கு நேர் நிறுத்தி, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும். தாமே அளந்து தாமே மாற்றிக்கொள்ளும் யந்திரங்கள் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றை வாங்கும் ஆஸ்பத்திரிகள், உள்ளே நடக்கும் கணக்கு இன்னதென்று விற்பவரைக் கேட்டறிய வேண்டும்; அதனை மறுத்து நிறுத்தும் அதிகாரம் படுக்கையருகே நிற்கும் வைத்தியரிடமே இருக்க வேண்டும்.