மின்சார வண்டியும் மலிவு பாட்டரியும்

கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை இரவோடிரவாக அறுத்துச் செல்லும் களவு நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. அக்கம்பியை வாங்கப் பழைய இரும்புக் கடை இருக்கும் வரையில் அக்களவு ஓயவில்லை என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தை மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இப்பொழுது நினைவிற் கொள்வது அவசியம்.

நூற்கட்டு ஏற்றிச் செல்லும் நெசவாளரும், விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் புறப்படும் விவசாயியும் பெட்ரோல் விலைக்கு அஞ்சி இவ்வண்டியை நாடுகின்றனர். இதன் உறுப்புகளில் விலை மிகுந்தது பாட்டரி. அதனைக் கழற்றி வீட்டினுள் கொண்டுபோய்ச் சார்ஜ் செய்யலாம் என்பது சில வண்டிகளின் வசதி. திருடனுக்கும் அதுவே வசதி. தில்லியில் மின்சார ரிக்‌ஷா ஓட்டும் ஏழைகள் பாட்டரியைப் பறிகொடுத்துப் பிழைப்பிழந்த செய்திகள் பல வந்துள்ளன.

250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய சிறு வண்டிகளுக்குப் பதிவு தேவையில்லை. நம்பர் இல்லாத அவ்வண்டி களவு போனால், உரிமையைக் காட்டக் கடை ரசீதையே பெரிதும் நம்பவேண்டும். அந்த ரசீதை எத்தனை பேர் பத்திரப்படுத்தியிருக்கிறோம்? பதிவு பெற்ற வண்டிக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸோ களவுக்கு ஈடு தருவதன்று. முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவரும், வண்டி நிற்கப் பாட்டரி மட்டும் போனால் ஈடு உண்டா என்று முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நலம்.

பூட்டும் சங்கிலியும் வேண்டியவையே. ஆயினும், பாதி விலைக்கு ரசீதின்றி வரும் பழைய பாட்டரியை வாங்குவோர் யார்? கசப்பாயினும் சொல்லிவிடுகிறேன்: நம்மைப் போன்றவர்கள்தாம். களவுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவது, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆகவே நம் சங்கம் ஒரு பதிவேடு திறக்கவேண்டும். அங்கத்தினரின் வண்டி எண், மோட்டார் எண், பாட்டரியின் மேலுள்ள தொடர் எண், வாங்கிய தேதி ஆகியவற்றை அதில் எழுதி, ரசீதின் நகலையும் வைக்கலாம். பழைய பாட்டரி வாங்க விரும்பும் அங்கத்தினர் எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துப் பின் பணம் கொடுக்கட்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். இது குமாஸ்தாவுக்கு வீண் சுமை என்பாரும் உளர். நூற்கட்டு ஒவ்வொன்றுக்கும் கணக்கெழுதும் சங்கத்துக்கு இது பாரமாகத் தோன்றவில்லை. ஆடித்தபசுக்கு வண்டிகள் வீதிதோறும் நிறையுமுன் பதிவேடு தொடங்கப்படுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.