நட்ட கணக்கு போதாது. நிற்கும் மரத்தைக் காட்டுங்கள்

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம். ஊவா மாகாணத்தின் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் அன்று மரக்கன்று நடுகை களைகட்டும். ஆனால் ஊவாவுக்குப் பெருமழை தருவது ஐப்பசியும் அதற்குப் பிந்திய மாதங்களும். ஜூனில் நட்ட கன்று வேர் பிடிக்குமுன் வறண்ட காற்று வந்துவிடும். மானாப்புல்லில் தீயும் பற்றும். அறிக்கையில் மட்டும் நட்ட எண்ணிக்கை அப்படியே நிற்கும்.

இதற்கு முடிவு கட்ட எளிய வழி உண்டு. பொதுப் பணத்திலோ நன்கொடையிலோ நடக்கும் ஒவ்வொரு மீள்வனமாக்கல் நிலத்திலும் நிலையான இடங்களில் 360 பாகைப் படம் எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கொங்கிறீட் தூண் ஒன்றை நட்டு, அதே உயரத்தில், நடுகைக்கு முன்பும் பின்னர் ஆண்டுதோறும் மழை முடிவிலும் வரட்சி முடிவிலும் படமெடுத்தால் போதும்.

சாதாரணப் படத்தில் எடுப்பவர் கோணத்தைத் தேர்கிறார். செழித்த மூலை உள்ளே வரும், கருகிய மூலை வெளியே போகும். முழுச்சுற்றுப் படத்தில் ஒளிக்க இடமில்லை. தலைக்கு மேல் கிளைகள் கவிந்தனவா என்பதும், கிழிக்காமல் விட்டதால் கன்றின் அடியில் மண்ணுக்கு மேல் துருத்தும் கறுப்புப் பொலித்தீன் நாற்றுப் பையும் ஒருசேரத் தெரியும்.

செய்மதிப் படம் போதாதா என்று கேட்கலாம். போதாது. பைனசும் யூகலிப்டசும் உண்ணிச்செடியும் வானத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். எந்தப் பச்சை என்பதைத் தரையில் நின்றுதான் அறிய முடியும். சிங்கராஜ வன விளிம்பில் சூழலியலாளர்களான நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியர் வனவியலாளர் மார்க் ஆஷ்டனுடன் சேர்ந்து பைன் வரிசைகளை அகற்றி, அந்த இடைவெளியில் சுதேச மரங்களை வளர்த்துக் காட்டினார்கள். தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சூழலியலாளர்கள் திவ்யா முடப்பாவும் சங்கர் ராமனும் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள். இரண்டும் நட்டதோடு நில்லாமல் ஆண்டுக்கணக்காகக் கவனித்ததன் பலன்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நெல்லியா, கடுக்காயா, வேங்கையா என்று கன்றை இனங்காண ஆள் நடந்து பார்க்க வேண்டும். ஆனால் முதல் படமே ஒரு தவறைத் தடுக்கும்: ஊவாவின் வரண்ட பத்தனைப் புல்வெளி இயற்கையாகவே புல்வெளி என்றால், அங்கே மரம் நடுவது மீட்பு அல்ல, அழிப்பு.

செலவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. கமராவைப் பிரதேச செயலகம் பொதுவில் வைத்திருக்கலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பயிற்சி தரலாம். தோட்டத்து இளைஞர்களுக்கு இது கூலியுள்ள வேலையாக வேண்டும்.

இது பணக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கும்கூட. 2014 ஒக்டோபர் 29இல் ஊவாவின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. அபாயம் முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். சரிவுக்குக் கீழே உறங்குகிறவருக்கு மேலே என்ன வளர்கிறது என்று பார்க்கும் உரிமை உண்டு. ஆகவே படங்கள் கோப்பில் முடங்காமல் எவரும் தொலைபேசியில் சுழற்றிப் பார்க்கும்படி வெளியாக வேண்டும். மூன்றாம் ஆண்டுப் படம் வரும்வரை இறுதித் தவணைப் பணத்தை எவருக்கும் விடுவிக்கக் கூடாது.